விடைக்குக் கீழே இரட்டைக் கோடு

எனக்குக் கணக்குத் தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் இரண்டு நாள் அழுதுவிட்டு அடங்கியிருப்பேன். ஆனால் அவர்கள் சொன்னது வேறு. கணக்குத் தெரியும், நேரத்துக்கு முடிக்க மாட்டாள் என்றார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. தெரியாதவளை ஒதுக்கினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. தெரிந்தவளை, மெல்ல நடக்கிறாள் என்பதற்காக வாசல் படலையிலேயே மறித்து நிறுத்துவது என்ன நியாயம்? இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் தெருவோரம், குளத்து வாய்க்காலை நம்பிக் காடு வெட்டி உண்டாக்கிய குடியேற்றத் திட்டம் ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. அப்பு, என் தகப்பன், யாழ்ப்பாணத்திலே துலா மிதித்துப் புகையிலைத் தோட்டம் செய்தவர். அங்கே பங்குக் கிணறும் பங்குச் சண்டையும் போதும் என்று, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து நெல் விதைத்தார். வயலும் வீடும் ஒன்றாக இருந்தன. கதவைத் திறந்தால் வரம்பு.

பள்ளிக்கூடம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். எஸ்.எஸ்.சி. வரைக்கும் வகுப்பு இருந்தது, ஆனால் கணக்கு வாத்தியார்தான் நிலைக்க மாட்டார். அந்த நாளில் வன்னிக்கு மாற்றம் என்றால் யாழ்ப்பாணத்து ஆசிரியர்களுக்குத் தண்டனை கிடைத்த மாதிரி. வந்த முதல் கிழமையே திரும்பிப் போவதற்கு யாரைப் பிடிக்கலாம் என்று விசாரிப்பார்கள். எங்களுக்கு அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் படிப்பித்தவர் நல்ல கெட்டிக்காரர். பாடம் நடத்தினால் பசி தெரியாது. நான் சோதினை எடுக்க வேண்டிய வருடம் அவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனார், போனவர் போனவர்தான். மாற்றம் கிடைத்துவிட்டதாம். போய் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் எனக்குள் ஒரு வீம்பு பிறந்தது. நானே கணக்கு வாத்தியாராக வருவேன், இங்கேயே இருப்பேன், மாற்றம் கேட்கவே மாட்டேன். இதை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா உலைப்பானையைப் பார்த்தபடியே, "அப்ப கணிதத்தை விட்டிடாதை" என்றாள். ஆசிரியப் பயிற்சிக்குக் கணக்கு வாத்தியாராகப் போவதென்றால் எஸ்.எஸ்.சி.யில் கணிதத்தில் திறமைச் சித்தி, சாதாரண சித்திக்கு ஒரு படி மேலே, வேண்டும். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

வாத்தியார் போனதும் வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் கணிதத்தைக் கைகழுவினார்கள். ஆண்பிள்ளைகள்கூட. மிஞ்சியது நான் ஒருத்தி. ஒருத்திக்காக யார் படிப்பிப்பது? பெரிய வாத்தியார், அதாவது தலைமை ஆசிரியர், கிழமையில் சில பாடவேளை என்னைக் கூப்பிட்டுப் பழைய வினாத்தாள்களைத் தந்து செய்யச் சொல்வார். மனுசன் கெட்டவர் இல்லை. அதை முதலே சொல்லிவிட வேண்டும். ஆனால் அவருக்குக் கணக்கு என்பது விடை அல்ல, ஒழுங்கு. தாளின் இடப்பக்கம் அடிமட்டம் வைத்து ஓரக்கோடு கீற வேண்டும். வினா இலக்கத்தைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும். சமக்குறிகள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தூக்குநூல் பிடித்த மாதிரி நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விடைக்குக் கீழே அடிமட்டம் வைத்து இரட்டைக் கோடு. ஒரு கோடு போதாது. இரண்டும் முட்டக் கூடாது. மை பரவினால் வெட்டிவிட்டுத் திருப்பி எழுத வேண்டும். பரிசோதகர் ஒருவர் எப்போதோ வந்து எங்கள் கொப்பிகளைப் பார்த்து மெச்சிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு மெச்சுதலுக்காகப் பள்ளிக்கூடம் முழுவதும் வருடக்கணக்காகக் கோடு கீறிக்கொண்டிருந்தது.

நானும் கீறினேன். என் கொப்பியைத்தான் மற்ற வகுப்புகளுக்குக் காட்டுவார். அந்தப் பெருமையிலே இருந்தவள்தான், முதலாந் தவணைச் சோதினையில் முழுத்தாளை நேரம் வைத்து எழுதச் சொன்னபோது அகப்பட்டுக்கொண்டேன். முதல் கணக்கைச் செய்தேன், கோடு கீறினேன். இரண்டாவதைச் செய்தேன், கோடு கீறினேன். மூன்றாவது ஒரு கேத்திரகணித ஏறுகோள், தேற்றத்தை வைத்து நிறுவ வேண்டிய கணக்கு. பிடி கிடைக்கவில்லை. விட்டுவிட்டுப் போவது தோல்வி என்று நினைத்து அதற்குள்ளேயே இறங்கி நின்றேன். பிடி கிடைத்தது. அதற்கும் அழகாகக் கோடு கீறி நிமிர்ந்தால் மணி அடிக்கிறது. தாளில் பாதிக்கு மேல் நான் தொடவேயில்லை. அவற்றிலே சிலது, நித்திரைத் தூக்கத்திலும் செய்யக்கூடிய கணக்குகள்.

பெரிய வாத்தியார் தாளைத் திருத்தித் தந்தார்.

"எழுதினது எல்லாம் சரி, பிள்ளை. ஆனா பாதிக் கிணறு தாண்டி என்ன பிரயோசனம்?"

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா முடிச்சிருப்பன், சேர்."

"சோதினைக்காரர் உனக்கெண்டு கொஞ்ச நேரம் கூடத் தருவினமே? சட்டியில இருந்தால்தானே அகப்பையில வரும். அடுத்த தவணையும் முடிக்காட்டி நான் சோதினை விண்ணப்பத்தில கணிதத்துக்குக் கையெழுத்து வைக்க மாட்டன். மனையியல் எடு. பொம்பிளைப் பிள்ளைக்கு அது காணும்."

சட்டியில் இருந்தது. அகப்பைதான் நேரத்துக்கு வரவில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. வாய்க்கால் கட்டு நீளத்துக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது பெரிய மடைத்தனம். வேகமாக எழுதப் பழகினேன். கை வலிக்க வலிக்க எழுதினேன். எழுத்துக் கோணியது, பிழை கூடியது, தாள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. கை எவ்வளவு ஓடினாலும், பிடி கிடைக்காத கணக்கு வந்தால் அதற்குள்ளே புதைந்துவிடுவேன். அது தீராமல் அடுத்ததைப் பார்க்க மாட்டேன். இடையில் எழும்பிப் போவது எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

அந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று ஆனி மாதம் வயலில் தெரிந்தது.

சிறுபோகத்துக்கு, மழையில்லாத காலத்துப் பயிருக்கு, குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். எங்கள் முறை வந்தால் வாய்க்கால் விதானையார் கதவைத் திறந்துவிடுவார். முறை முடிந்ததும் பூட்டிவிடுவார். அழுதாலும் புரண்டாலும் திறக்க மாட்டார். அப்பு எப்போதும் வயலின் மேல் தட்டில் தொடங்குவார். வரம்பு முட்டத் தண்ணீர் கட்டி, வக்கடையை மண்வைத்து மூடிவிட்டுத்தான் அடுத்த தட்டுக்கு விடுவார். வக்கடை என்பது ஒரு தட்டிலிருந்து மற்றத் தட்டுக்குத் தண்ணீர் பாய வரம்பில் வெட்டிவிடும் வாய். அவர் கட்டும் தண்ணீரைப் பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் கடைசித் தட்டுகள் காய்ந்து வெடித்தன. குளம் சரியில்லை, விதானை சரியில்லை, மேல் வாய்க்கால்காரன் களவெடுக்கிறான் என்று அப்பு எல்லாரையும் ஏசினார்.

அன்று பள்ளிக்கூடம் இல்லை. நான் மண்வெட்டியோடு அவருக்கு உதவியாக நின்றேன். சோளகக் காற்று முகத்தில் புழுதியை அள்ளி வீசியது. மூன்றாவது தட்டு நிரம்பவே இல்லை. எங்கேயோ நண்டு வளை. தண்ணீர் போகப் போக அது குடித்துக்கொண்டே இருந்தது. அப்பு சேற்றில் குந்தியிருந்து அந்த வளையைத் தேடிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தபடி நின்ற எனக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. சோதினை மண்டபத்தில் நான் இருந்த இருப்பு அச்சொட்டாக அதுதான். மூன்றாவது ஏறுகோளில், நண்டு வளை தேடிக்கொண்டு.

"அப்பு, அதை விட்டிட்டுக் கீழ விடுங்கோ."

"நிரம்பாமல் எப்பிடி விடுறது?"

"நிரம்பாட்டிப் பரவாயில்லை. எல்லா வக்கடையையும் திறந்து விடுங்கோ. கடைசித் தட்டுக்கு முதல்ல தண்ணி போகட்டும். கீழையிருந்து கட்டிக்கொண்டு மேல வருவம்."

அப்புவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் கிணத்தடியில பிறந்து வளர்ந்தவன். எனக்குத் தண்ணி மாறப் பழக்கிறியோ?"

"அதுதான் அப்பு பிழை. கிணத்தில நீங்கள் நிப்பாட்டினால்தான் தண்ணி நிக்கும். ஒவ்வொரு பாத்தியா முட்ட முட்டக் கட்டலாம். இஞ்சை விதானையார் நிப்பாட்டுவார். உங்கடை பாத்திக்கணக்கு இஞ்சை சரிவராது."

அப்பு என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வக்கடைகளை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டார். தண்ணீர் கடைசித் தட்டுக்குப் போய், வெடிப்புகளுக்குள் இறங்கிச் சத்தம் போட்டுக் குடித்தது. அங்கேயிருந்து கட்டிக்கொண்டு வந்தோம். விதானையார் கதவைப் பூட்ட வந்தபோது நண்டு வளைத் தட்டு மட்டும் அரைகுறையாகக் கிடந்தது. மற்றதெல்லாம் நனைந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர்ப் பழக்கத்தை அப்பு யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்திருந்தார். நான் அதை வினாத்தாளுக்கே கொண்டுபோயிருந்தேன்.

அடுத்த நாளே பழைய வினாத்தாள்களை எடுத்தேன். பேனையைத் தொடாமல் முதலில் கடைசி வினா வரை வாசிப்பது. பார்த்தவுடன் வழி தெரிகிற கணக்குகளை முதலில் முடிப்பது. நண்டு வளை என்று மணம் பிடித்தால் அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போவது, பிறகு திரும்பி வருவது. சொல்ல இலகுவாக இருக்கிறது. செய்ய எனக்கு நெஞ்சு வெந்தது. அரைவாசி செய்த கணக்கை விட்டு எழும்புவது, பந்தியில் சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்புகிற மாதிரி இருந்தது. பழகும் மட்டும் என்னை நானே ஏசிக்கொண்டிருந்தேன்.

நேரம் பார்க்க வீட்டில் மணிக்கூடு இல்லை. அம்மா ஒரு வழி செய்தாள். அவள் நெல் அவிக்கக் கிடாரத்தை அடுப்பில் ஏற்றும்போது நான் குசினி வாசலில் தாளோடு இருப்பேன். நெல் வாய் பிளந்ததும் பேனையைக் கீழே வைக்க வேண்டும். அது பாதித் தாளுக்குச் சரியான நேரம் என்று பள்ளிக்கூட மணியோடு ஒப்பிட்டுப் பார்த்து வைத்திருந்தோம். அம்மாவுக்கு எழுத வாசிக்க அவ்வளவாக வராது, ஆனால் இரக்கம் என்பது மருந்துக்கும் இல்லை. "நெல்லு அவிஞ்சிட்டுது, வை பேனையை" என்பாள். "ஒரு வரிதான், அம்மா" என்று நான் கெஞ்சினால், "ஒரு வரிக்காக நெல்லைக் குழைய விடட்டோ?" என்பாள்.

இப்படிப் பழகினபோதுதான் கோடுகளின் கள்ளத்தனமும் பிடிபட்டது. அடிமட்டத்தைத் தேடு, வை, கீறு, நகர்த்து, மற்றதைக் கீறு, மை காயும் மட்டும் பார்த்திரு. ஒரு விடைக்கு அது சின்ன நேரம். தாள் முழுவதற்கும் சேர்த்தால் ஒரு முழுக் கணக்கையே அது விழுங்கியது. அன்றைக்கு அடிமட்டத்தைத் தூக்கிக் கூரைச் செத்தைக்குள் செருகினேன். உருவம் கீற வேண்டி வந்தால் மட்டும் எடுப்பேன்.

இரண்டாந் தவணைச் சோதினையில் எல்லா வினாவையும் தொட்டேன். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் முடித்தேன். ஓரக்கோடு இல்லை, கட்டம் இல்லை, இரட்டைக் கோடு இல்லை. பெரிய வாத்தியார் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இதென்ன கோழி கிளறின மாதிரி? கோடில்லாத ஒவ்வொரு விடைக்கும் புள்ளி வெட்டினனான். நீ பெயில்."

"விடை பிழையோ, சேர்?"

"விடை சரி. அதுக்கென்ன? கணக்கெண்டா ஒழுக்கம், பிள்ளை. நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

வீட்டுக்குப் போய் அப்புவிடம் சொன்னேன். அப்பு சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். பள்ளிக்கூடத்துக்குள் அவர் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. பெரிய வாத்தியார் கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

"பிள்ளை விட்டது பிழையெண்டா நான் கூட்டிக்கொண்டு போறன், வாத்தியார். ஆனா அது என்னென்ன பிழை எண்டு எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ."

"கோடு கீறேல்லை."

"கணக்கு?"

"கணக்குச் சரி."

அப்பு சால்வையைச் சரிசெய்தார். நான்தான் வாயைத் திறந்தேன். "சேர், நான் காணாத தாளொண்டை இப்ப தாங்கோ. உங்கடை மேசையில, உங்கடை மணிக்கூட்டுக்கு முன்னால செய்யிறன். முடிக்காட்டி மனையியல் எடுக்கிறன். பிறகு இந்தக் கதையை எடுக்க மாட்டன்."

எடுத்த சொல்லின் பாரம் சொன்ன பிறகுதான் தெரிந்தது. பெரிய வாத்தியார் அலுமாரியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். வேண்டுமென்றே கடினமானதைத் தேடினார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கடைசி வினா வரை வாசித்தேன். நான் பேனையை எடுக்காமல் இருப்பதைப் பார்த்து அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்தி எனக்கு உறைத்தது. நாலாவதில் தொடங்கினேன், ஏழாவதுக்குத் தாவினேன், முதலாவதுக்குத் திரும்பினேன். அப்பு வாசலில் நிலையோடு சாய்ந்து நின்றார். நேரம் முடியும் முன்னமே தாளைத் திருப்பிப் பெரிய வாத்தியார் பக்கம் தள்ளினேன்.

அவர் ஒவ்வொரு விடையாகச் சிவப்புப் பென்சிலால் தொட்டுக்கொண்டு போனார். ஓர் இடத்தில் பென்சில் நின்றது. ஒரு கழித்தலில் பிழை. மற்றதெல்லாம் சரி. தாளை மேசையில் வைத்தார்.

"கோடு கீறினா என்ன குறைஞ்சிடும்?"

"கடைசித் தட்டுக்குத் தண்ணி போகாது, சேர்."

அவருக்கு விளங்கவில்லை. வாசலில் நின்ற அப்பு மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். பெரிய வாத்தியார் விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு விரலை நீட்டினார். "சோதினையில கோடு கீற வேணும். உன்ரை தாள் எங்கடை பள்ளிக்கூடத்தின்ரை மானம்." நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஓம் என்று சொல்லவில்லை. அதை நல்லாகக் கவனித்துச் சொல்லாமல் விட்டேன்.

மார்கழியில் சோதினை. மழை ஊற்றித் தள்ளியது. முல்லைத்தீவுத் தெருவை வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்ந்தது. அப்பு என்னைச் சைக்கிளில் இருத்தி, தண்ணீர் வந்த இடங்களில் இறங்கி உருட்டி, பரந்தன் சந்திக்குக் கொண்டுவந்து கிளிநொச்சி பஸ்ஸில் ஏற்றினார். பெட்டிக்குள் அம்மா பேனை, மைப்போத்தல், உருவம் கீறும் சாமான்கள் எல்லாம் வைத்திருந்தாள். செத்தைக்குள் செருகிய அடிமட்டத்தையும் துடைத்து வைத்திருந்தாள்.

தாள் வந்தது. பேனையைத் தொடாமல் கடைசி வரை வாசித்தேன். என்னைச் சுற்றி எல்லாப் பேனைகளும் கீச்சிட்டுக்கொண்டு ஓடின, என்னுடையது மட்டும் மேசையில் கிடந்தது. நடுவில் ஒரு வினா என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒரு தொட்டி, அதை நிரப்ப இரண்டு குழாய், வெறுமையாக்க ஒரு குழாய். தண்ணீர்க் கணக்கு! வாய்க்கால்காரன் பிள்ளையான எனக்கு வைத்த கணக்கு என்று நினைத்து, இலகுவானதுகளை விட்டுவிட்டு முதலில் அதிலேயே பாய்ந்தேன். இரண்டாவது வரியில் சிக்கியது. இன்னொரு வழியில் பார்த்தேன், அதுவும் சிக்கியது. நானே செய்யாவிட்டால் இதை யார் செய்வது என்று ஒரு ரோசம் வந்தது. அந்த ரோசம் என்னை அங்கேயே இருத்தப் பார்த்தது. அப்போது கிடாரம் இறக்குகிற அம்மாவின் குரல் காதில் விழுந்தது போலிருந்தது. தொட்டியை அரைவாசியில் விட்டுவிட்டு எழும்பினேன்.

மற்றதெல்லாம் முடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது நேரம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. என் முன்னால் இரண்டு காரியம் இருந்தது. தொட்டி ஒன்று. பக்கத்தில் அடிமட்டம் ஒன்று. எல்லா விடைக்கும் கீழே கோடு கீறலாம், நேரம் போதும். பெரிய வாத்தியாரின் நீட்டிய விரல் கண்ணுக்கு முன்னால் வந்தது. அல்லது தொட்டியைப் பார்க்கலாம், முடிந்தாலும் முடியும், முடியாவிட்டாலும் முடியாது. அடிமட்டத்தைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். தொட்டிக்குள் இறங்கினேன். முதல் வழியில் ஒரு கழித்தல் குறியைக் கூட்டலாக எழுதியிருந்தேன், அவ்வளவுதான் நண்டு வளை. விடையை எழுதின மை காய முன்னமே மணி அடித்தது.

பெறுபேறு வந்த நாள் நான் வரம்பில் புல்லுச் செருக்கிக்கொண்டிருந்தேன். வாய்க்கால் கட்டில் பெரிய வாத்தியார் சைக்கிளில் வந்தார். எங்கள் வளவுக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. சைக்கிளை விட்டு இறங்க முன்னமே சத்தமாகச் சொன்னார்.

"பிள்ளை! கணிதம் திறமைச் சித்தி! எங்கடை பள்ளிக்கூடத்தில இதுதான் முதல் தடவை!"

அம்மா குசினிக்குள்ளிருந்து ஓடி வந்தாள். அப்பு மண்வெட்டியைக் கீழே போட்டார். பெரிய வாத்தியாரின் கண் கலங்கியிருந்தது, பொய் சொல்லக் கூடாது. அவருக்கு உண்மையிலேயே சந்தோசம். அந்தச் சந்தோசத்தில் கேட்டார்.

"நான் சொன்னபடி கோடெல்லாம் வடிவாக் கீறினனிதானே?"

"இல்லை, சேர். ஒண்டுக்கும் கீறேல்லை."

அவர் சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, நடந்தது நடந்திட்டுது. இதை மற்றப் பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதை" என்றார்.

"சொல்லுவன், சேர்" என்றேன்.

சொன்னேன். பயிற்சி முடிந்து அதே பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராகப் போய், ஓய்வு பெறும் மட்டும் மாற்றமே கேட்காமல், வந்த ஒவ்வொரு வகுப்புக்கும் முதல் நாளே சொன்னேன்.